சொருகி நிற்கும் கார்

2024 பிப்ரவரி 13 பிற்பகல். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வீசிய கடும் காற்றில் உயரழுத்த மின்கோபுரங்கள் சில மடங்கிச் சாய்ந்தன. அந்த அதிர்ச்சியில் லாய் யாங் ஏ என்ற பெரிய நிலக்கரி மின்நிலையம் ட்ரிப் ஆனது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருட்டாயின. ஒரே கணத்தில் 2,000 மெகாவாட்டுக்கு மேல் காணாமல் போனால் என்ன ஆகும்? மிச்சமிருக்கும் ஜெனரேட்டர்கள் எல்லாச் சுமையையும் தாங்க முயன்று, மேடேறும் லாரி எஞ்சின்போல் வேகம் குறையும். 50 ஹெர்ட்ஸில் நிற்கவேண்டிய அலைவெண் இறங்கும்.

அந்த நேரத்தில் பல நூறு கிலோமீட்டர் தள்ளி கான்பெராவில், அரசு அலுவலகங்களின் வாகன நிறுத்தங்களில் 16 நிசான் லீஃப் கார்கள் சார்ஜரில் சொருகி நின்றிருந்தன. அவற்றில் நான்கு சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தவை. அலைவெண் சரிந்ததைச் சார்ஜர்கள் தாமாகவே கண்டன. ஏறிக்கொண்டிருந்த நான்கும் ஏற்றத்தை நிறுத்தின. பதினாறும் சேர்ந்து 107 கிலோவாட்டை மின்கட்டமைப்புக்குள் திருப்பி அனுப்பின. யாரும் பொத்தானைத் தொடவில்லை.

இழந்ததோ 2,000 மெகாவாட்டுக்கு மேல். கார்கள் கொடுத்தது 0.107 மெகாவாட். கடலில் கரைத்த பெருங்காயம்தான். ஆனாலும் மின்வாகனம் மின்கட்டமைப்புக்கு உதவுவது பற்றிப் பேசவேண்டிய எல்லாமே இந்தச் சின்ன நிகழ்வுக்குள் இருக்கிறது. 107-ஐ 16-ஆல் வகுத்தால் காருக்கு 6.7 கிலோவாட். அது அந்தச் சார்ஜர்களின் உச்சத் திறனை ஒட்டிய அளவு. பத்து நிமிடம் அப்படியே கொடுத்தாலும் ஒரு காரிலிருந்து போவது 1.1 யூனிட், 2 கிலோவாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் தின்கிற மின்சாரம். பேட்டரி 40 யூனிட்டா 80 யூனிட்டா என்பதற்கு அங்கே வேலையே இல்லை. எல்லையிட்டது சார்ஜர். இன்னொரு எண்ணையும் பாருங்கள். அந்த ஆய்வுத் திட்டத்துக்கென எடுக்கப்பட்ட கார்கள் 51. விபத்து நேர்ந்த கணத்தில் சொருகி இருந்தவை 16.

"நாட்டில் இத்தனை லட்சம் மின்கார்கள், ஒவ்வொன்றிலும் இத்தனை யூனிட், பெருக்கிப் பார்த்தால் எத்தனை அனல்மின் நிலையம்!" என்று செய்தித்தாள்களில் வரும் கணக்கு அதனால்தான் உதவாது. பெருக்கவேண்டியது வேறு மூன்று எண்களை: எத்தனை கார்கள் சொருகி நிற்கின்றன, சுவரில் இருக்கும் பெட்டி எத்தனை கிலோவாட், எவ்வளவு நேரத்தில் பதில் சொல்லும். பேட்டரியின் கொள்ளளவு கடைசியில் வருவது.

இந்த யோசனை புதிதல்ல. வாகனத்திலிருந்து கிரிட்டுக்கு என்ற பொருளில் இன்று வி2ஜி என்று எல்லோரும் சொல்லும் ஏற்பாட்டை, அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லட் கெம்ப்டன், ஸ்டீவன் லெடன்ட்ரே என்பவருடன் சேர்ந்து 1997இலேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டார். அப்போது சாலையில் மின்கார்களைப் பார்ப்பதே அரிது. ஜப்பானில் இதற்கு உயிர் கொடுத்தது 2011 மார்ச் நிலநடுக்கமும் ஃபுகுஷிமாவும். மின்வெட்டு நாட்களில், ஓட்டாமல் நிற்கும் லீஃப் காருக்குள் 24 யூனிட் சும்மா கிடக்கிறதே என்ற எரிச்சலில் பிறந்ததுதான், 2012இல் விற்பனைக்கு வந்த நிசானின் 'லீஃப் டு ஹோம்' ஏற்பாடு. 6 கிலோவாட் பெட்டி ஒன்று, காரிலிருந்து வீட்டுக்கு. ஜப்பானியரின் சாடெமோ என்ற சார்ஜ் இணைப்பில் இருதிசை ஓட்டத்துக்கான வழி இருந்ததால் அது நடந்தது. இன்றுவரை உலகின் வி2ஜி சோதனைகளில் பெரும்பாலும் லீஃப் கார்களே காணப்படுவதற்கும் அதுவே காரணம். நல்ல காராக இருந்ததால் அல்ல, கதவு இரண்டு பக்கமும் திறந்ததால்.

டென்மார்க்கின் பாடம்

கோபன்ஹேகனை ஒட்டிய ஃபிரெடரிக்ஸ்பெர்க்கில், நகரின் குடிநீர்-எரிவாயு நிறுவனத்துக்கு 2016இல் பத்து நிசான் இ-என்வி200 வேன்களும், 10 கிலோவாட் இருதிசைச் சார்ஜர்கள் பத்தும் வந்தன. பகலில் குழாய் பார்க்கப் போகும் வேன்கள் மாலை நாலு மணிவாக்கில் திரும்பி, காலைவரை நிற்கும். நின்ற நேரமெல்லாம் அலைவெண்ணைத் தாங்கும் சேவையை நார்டிக் மின்சந்தையில் விற்றார்கள். நூவே என்ற நிறுவனம் பத்து வேன்களையும் ஒரே மின்நிலையம்போல் சந்தைக்குக் காட்டியது.

அந்தச் சேவையின் விதி எளிது. அலைவெண் 49.9 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் முழுத் திறனையும் வெளியே கொடு, 50.1க்கு ஏறினால் முழுத் திறனோடு உள்ளே இழு, நடுவில் நேர்கோடு. 10 கிலோவாட் வேனுக்கு 49.96 என்றால் 4 கிலோவாட் வெளியே, 50.02 என்றால் 2 கிலோவாட் உள்ளே. நொடிக்கு நொடி இந்த ஊசலாட்டம்தான். சராசரியில் அலைவெண் 50இல்தான் நிற்கும் என்பதால் பேட்டரியும் இருந்த இடத்திலேயே நிற்கும் என்று தோன்றும். நிற்காது.

கணக்குப் போடுவோம். 14 மணி நேரத்தில் சராசரியாக 2.5 கிலோவாட் அங்கும் இங்கும் ஓடினால் மொத்தம் 35 யூனிட்: பாதி உள்ளே, பாதி வெளியே. ஒவ்வொரு திசையிலும் 12 விழுக்காடு வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், உள்ளே வந்த 17.5 யூனிட்டில் பேட்டரிக்குள் தங்குவது 15.4. வெளியே 17.5 கொடுக்க பேட்டரி இழப்பது 19.9. விடியும்போது 4.5 யூனிட் குறைவு. 24 யூனிட் வேனுக்கு அது பெரிய ஓட்டை. ஓட்டுநருக்கு 25 கிலோமீட்டர் போச்சு. அதனால் நடுப்புள்ளியைச் சுழியத்தில் வைக்காமல், எப்போதும் 0.3 கிலோவாட் அளவுக்குச் சார்ஜ் ஏறும் பக்கம் நகர்த்தி வைக்கவேண்டும். அப்படி நகர்த்திய பிறகு இரு பக்கமும் சமமாக விற்க முடிந்தது 9.7 கிலோவாட்தான், பத்து அல்ல. சந்தையில் ஒப்பந்தம் போடும்போது இந்த 0.3ஐ மறந்தால், உச்ச நேரத்தில் சொன்னதைக் கொடுக்க முடியாமல் போகும்.

இதைவிட மோசம், ஒரே பக்கமாகச் சாயும் இரவுகள். அலைவெண் மணிக்கணக்கில் 50க்குச் சற்றுக் கீழேயே நின்றால் பேட்டரி வடிந்துகொண்டே போகும். 24 யூனிட் பேட்டரியும் 10 கிலோவாட் பெட்டியும் சேர்ந்தால் முழுத் திறனில் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. பேட்டரியின் கொள்ளளவு பேசப்படவேண்டிய இடம் இதுதான்: அவசர உதவிக்கு அது தேவையில்லை, தொடர்ந்து தாங்குவதற்குத் தேவை.

வீணாவது எங்கே

12 விழுக்காடு என்று மேலே எடுத்துக்கொண்டதை எல்லா நேரத்துக்கும் பொதுவான எண்ணாக நினைக்கக்கூடாது. பேட்டரியின் நேர்மின்சாரத்தையும் வீட்டின் மாறுமின்சாரத்தையும் ஒன்றிலிருந்து மற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரில் இரண்டு வகை இழப்பு. ஒன்று, மின்னோட்டத்தோடு கூடுவது. மற்றது, ஒன்றுமே ஓடாவிட்டாலும் போவது: கட்டுப்பாட்டுப் பலகை, விசிறி, கூலன்ட் பம்ப், காரின் கணினிகள், பேட்டரியின் பெரிய கான்டாக்டர் சுவிட்சுகளை மூடிப் பிடித்திருக்கும் சுருள்கள். கார் விழித்திருந்தால் இவையெல்லாம் சேர்ந்து நூறு, இருநூறு வாட்டைச் சுலபமாகத் தின்னும். 8 கிலோவாட் ஓடும்போது 200 வாட் என்பது 2.5 விழுக்காடு, கண்ணுக்கே தெரியாது. 1 கிலோவாட் ஓடும்போது அதே 200 வாட் 20 விழுக்காடு.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி வருகிறது. பத்து கார்களிடம் மொத்தம் 10 கிலோவாட் கேட்டால், ஆளுக்கு 1 என்று பிரிக்கக்கூடாது. இரண்டு கார்கள் ஐந்து ஐந்தாகக் கொடுக்கட்டும், மற்ற எட்டும் உறங்கட்டும். முதல் வழியில் நிலையான இழப்பு மட்டும் 2 கிலோவாட், இரண்டாவதில் 0.4. பிறகு முறை மாற்றிக்கொள்ளலாம். பந்தியில் எல்லோருக்கும் சமமாகப் பரிமாறுவது நல்ல பழக்கம்தான், இன்வெர்ட்டர்களுக்கு அது ஒத்துவராது.

சுவரிலிருந்து சுவருக்கு ஒரு முழுச் சுற்றுக்கு, ஏற்றி இறக்கிய பின் மிஞ்சுவது, நல்ல நிலையில் 80 முதல் 85 விழுக்காடு என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. குறைந்த திறனில் இழுத்தடித்தால் 70க்கும் கீழே போகும்.

இன்வெர்ட்டர் காரிலா, சுவரிலா?

பேட்டரியில் இருப்பது நேர்மின்சாரம், வீட்டில் ஓடுவது மாறுமின்சாரம். மாற்றும் பெட்டி எங்கே உட்காருகிறது என்பதைப் பொறுத்து செலவு, விதிகள், சிக்கல்கள் எல்லாமே மாறிவிடுகின்றன.

சுவரில் உட்கார்ந்தால் (இதை டிசி வழி என்பார்கள்) பெட்டி கனமானது, விலையும் அதிகம். ஆனால் அது ஓர் இடத்தில் நிற்பது. அந்த ஊர் மின்வாரியத்தின் விதிப்படி ஒருமுறை அமைத்துச் சான்று வாங்கினால் முடிந்தது. சோலார் இன்வெர்ட்டர் போலத்தான். கான்பெரா, ஃபிரெடரிக்ஸ்பெர்க் இரண்டும் இந்த வழி.

காருக்குள்ளேயே இருந்தால் (ஏசி வழி) சுவரில் வெறும் சாக்கெட்டும் ஒரு ரிலேயும் மீட்டரும் போதும், மலிவு. ஆனால் இன்வெர்ட்டர் ஊர் ஊராக ஓடுகிறது. ஒவ்வொரு நாட்டிலும் எந்த வோல்ட்டில் துண்டிக்கவேண்டும், எந்த அலைவெண்வரை தாங்கவேண்டும் என்பது வேறு. பிரிட்டனில் ஜி99, ஜெர்மனியில் விடிஇ 4105, ஆஸ்திரேலியாவில் 4777, அமெரிக்காவில் ஐஇஇஇ 1547. கார் சொருகப்படும் ஒவ்வொரு முறையும் இந்த எண்களைச் சுவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

சாதாரண ஏசி சார்ஜரால் அதைச் சொல்லவே முடியாது. காருக்கும் சுவருக்கும் நடுவே ஓடும் பைலட் கம்பியில் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை போகும். அந்த அலை எத்தனை விழுக்காடு நேரம் மேலே நிற்கிறது என்பதை 0.6ஆல் பெருக்கினால் கார் இழுக்கக்கூடிய ஆம்பியர். 50 விழுக்காடு என்றால் 30 ஆம்பியர். அவ்வளவுதான் அந்த மொழியின் இலக்கணம். "இதற்கு மேல் இழுக்காதே" என்று சொல்லத் தெரியும். "கொஞ்சம் திருப்பிக் கொடு" என்று சொல்லவோ, "உன்னிடம் எவ்வளவு இருக்கிறது" என்று கேட்கவோ அதற்குச் சொல் கிடையாது. 2022இல் வந்த ஐஎஸ்ஓ 15118-20 தரநிலைதான் சிசிஎஸ் என்ற சார்ஜ் இணைப்பு உள்ள கார்களுக்கு இந்த உரையாடலை முறையாகக் கொடுத்தது. இந்தியக் கார்களிலும் இருப்பது சிசிஎஸ்2 வாய்தான். வாய் இருந்தால் போதாது, அந்தப் புதிய மொழியைப் பேசும் மென்பொருளும், டிசி வழியென்றால் இருதிசை ஓட்டத்தை அனுமதிக்கும் பேட்டரிக் கட்டுப்பாடும் வேண்டும். விற்பனையகத்தில் "வி2ஜி ரெடி" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: ஏசி வழியா டிசி வழியா? 15118-20 இப்போதே ஓடுகிறதா, இல்லை பின்னால் அப்டேட் வருமா? வாரண்டித் தாளில் வெளியே கொடுக்கும் யூனிட்டுக்கு உச்சவரம்பு இருக்கிறதா?

கம்பி வேலையில் கெடுவது

களத்தில் இந்த ஏற்பாடு படுத்துக்கொள்வதற்குப் பேட்டரியோ மென்பொருளோ காரணமாக இருப்பதைவிட, சாதாரண ஒயரிங்கே காரணமாக இருப்பது அதிகம்.

முதலாவது, வோல்ட் ஏற்றம். மின்சாரம் வெளியே போகும்போது கம்பியின் மின்தடை வோல்ட்டைக் கூட்டும், குறைக்காது. போர்டிலிருந்து கார் நிறுத்தம் 30 மீட்டர், 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி என்று வையுங்கள். போக வர 60 மீட்டர், மின்தடை 0.28 ஓம். 7 கிலோவாட் என்றால் 30 ஆம்பியர். கார்ப் பக்கம் 8.4 வோல்ட் கூடுதலாக இருக்கும். போர்டில் 246 வோல்ட் இருந்தால் சார்ஜர் பார்ப்பது 254. 230க்குப் பத்து விழுக்காடு மேல் என்பது 253, பெட்டி துண்டித்துக்கொள்ளும். சிறிது நேரம் கழித்துத் திரும்ப முயலும், மறுபடி துண்டிக்கும். "மத்தியானம் மட்டும் வேலை செய்யமாட்டேன் என்கிறது" என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்; பக்கத்து வீடுகளின் சோலாரும் அதே நேரத்தில் வோல்ட்டைத் தூக்கியிருக்கும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் ஏற்றம் 5.6 வோல்ட்டாகக் குறையும். 10 போட்டால் இன்னும் நிம்மதி. சார்ஜ் மட்டும் ஏற்றுவதற்கென்று போட்ட கம்பி, சூடு தாங்கும் கணக்கில் சரியாக இருந்தாலும், திருப்பிக் கொடுக்கும் கணக்கில் தோற்கலாம்.

இரண்டாவது, மெயினில் மாட்டும் கரண்ட் கிளாம்ப். வீடு வாங்குகிறதா கொடுக்கிறதா என்று பெட்டிக்குச் சொல்வது அதுதான். அதன் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். திருப்பி மாட்டினால் வாங்குவது கொடுப்பதாகத் தெரியும். வீட்டில் ஏர் கண்டிஷனர் ஓடத் தொடங்கினால், "வெளியே போகிறது போல, இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்வோம்" என்று பெட்டி சார்ஜைக் கூட்டும். அது இன்னும் வாங்கலைக் கூட்டும். முடிவில் மெயின் ட்ரிப். மாட்டி முடித்ததும் காரைச் சொருகாமல், 2 கிலோவாட் கீசரை மட்டும் போட்டு, திரையில் 2 கிலோவாட் 'வாங்கல்' என்று காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடியைப் பூட்டவேண்டும். மூன்று ஃபேஸ் வீடுகளில் கிளாம்ப் ஒரு ஃபேஸிலும் பெட்டி இன்னொரு ஃபேஸிலும் இருக்கும் வேடிக்கையும் நடக்கும்.

மூன்றாவது, ஆர்சிசிபி. மின்கசிவைப் பார்த்துத் துண்டிக்கும் இந்தச் சாதனங்களில் மின்னணு வகை சிலவற்றுக்கு 'உள்ளே', 'வெளியே' என்று பக்கம் உண்டு. துண்டித்த பிறகும் கார்ப் பக்கத்திலிருந்து ஓரிரு கணம் மின்சாரம் வந்துகொண்டிருந்தால், ட்ரிப் சுருள் எரிந்துபோகும். அதன் பிறகு அது வெறும் சுவிட்ச்; அடுத்த கசிவில் துண்டிக்காது, சோதனைப் பொத்தானை அழுத்தும்வரை யாருக்கும் தெரியவும் தெரியாது. பிரிட்டனின் ஒயரிங் விதிகளில் 2024 ஜூலையில் இதற்கென்றே தனித் திருத்தம் வந்தது. இருதிசைக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் சாதனத்தையே வாங்கவேண்டும்.

நான்காவது, தீவு நிலை. தெருவில் கரண்ட் போனால் வி2ஜி பெட்டி உடனே நிறுத்தவேண்டும். ஐஇஇஇ 1547 கொடுக்கும் அவகாசம் 2 நொடி. லைன்மேன் செத்த கம்பி என்று நம்பித் தொடும்போது அது உயிரோடு இருக்கக்கூடாது. அப்படியானால் மின்வெட்டில் வீட்டுக்குக் கார் உதவாதா? உதவும், ஆனால் அதற்கு வீட்டைத் தெருவிலிருந்து முழுதாகப் பிரிக்கும் சுவிட்ச் வேண்டும். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிரிப்பது. பிரித்ததும் இன்னொரு சிக்கல்: நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் உள்ள பிணைப்பு தெருப்பக்கம், டிரான்ஸ்ஃபார்மரில் இருந்தது. அது போய்விட்டதால் கசிவு மின்சாரம் திரும்பிவர வழியில்லை, ஆர்சிசிபி கண்மூடிவிடும். தீவு நிலைக்குப் போகும் அதே கணத்தில் நியூட்ரலை வீட்டு எர்த்தோடு பிணைக்கும் ரிலே ஒன்று வேண்டும். தெரு மின்சாரம் திரும்பியதும் அது விடுபடவும் வேண்டும்.

இங்கே நம்மூருக்கு ஒரு எச்சரிக்கை. வி2ஜி இங்கே கடைக்கு வரவில்லை என்றாலும், காரிலிருந்து சாதாரண சாக்கெட் வழியாக 3 கிலோவாட்டுக்கு மேல் எடுக்கும் வி2எல் வசதி ஐயோனிக் 5, நெக்சான் போன்ற கார்களில் வந்துவிட்டது. புயல், மழை என்று இரண்டு நாள் கரண்ட் இல்லாத தெருவில் அது வரம்தான். ஃபிரிட்ஜ், நாலு விசிறி, விளக்கு எல்லாம் சேர்த்துச் சராசரி 300 வாட், கார் விழித்திருக்க 200 வாட் என்றால் ஒரு நாளைக்கு 12 யூனிட். ஆனால் இரண்டு முனையிலும் பின் வைத்த ஒயரைக் காரிலிருந்து எடுத்து வீட்டு சாக்கெட்டில் சொருகுவது கொலை ஆயுதம். மெயினை இறக்க மறந்தால், தெரு டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழாக வேலை செய்து 230 வோல்ட்டை 11,000 ஆக்கி மேலே அனுப்பும். மெயினை இறக்கியிருந்தாலும், ஒயர் பிடுங்கிக்கொண்டால் கையில் இருப்பது உயிருள்ள பின். எக்ஸ்டென்ஷன் பெட்டி வைத்து ஃபிரிட்ஜை நேராகச் சொருகுங்கள். வீடு முழுக்க வேண்டுமென்றால் இருமுனை சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள். "ஏற்கெனவே இன்வெர்ட்டர் லைன் இருக்கிறதே, அதில் கொடுத்தால்?" என்று கேட்பவர்களுக்கு: நம் வீடுகளில் இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி ஃபேஸ் போட்டுவிட்டு, நியூட்ரலைப் பொதுவாக விட்டிருப்பார்கள். அந்த நியூட்ரல் எர்த்தோடு பிணைந்தது என்பதால் சில கார்கள் பழுது என்று எண்ணி உடனே துண்டித்துவிடும்.

பேட்டரி தேய்மானம்

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். 2017இல் இரண்டு ஆய்வுகள் நேரெதிராக வந்தன. ஹவாய் பல்கலைக்கழகத்தின் மத்தியூ டுபாரி குழு, வி2ஜி பேட்டரியின் ஆயுளைத் தின்கிறது என்றது. இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் கோதுப் உத்தீன் குழு, சரியாகச் செய்தால் ஆயுளை நீட்டக்கூட முடியும் என்றது. சண்டை போடாமல் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து 2018இல் கூட்டாக ஒரு கட்டுரை எழுதினார்கள். இரண்டும் முரணில்லை என்பதே அதன் சாரம்: ஹவாயில் பேட்டரியைப் பெட்டியின் முழுத் திறனில் தினமும் இறக்கினார்கள், வாரிக்கில் பேட்டரிக்கு நல்லது எது என்று கணித்து, அப்போது மட்டும் இறக்கினார்கள்.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. லித்தியம் பேட்டரி இரண்டு விதமாக வயதாகும்: ஓடுவதால், சும்மா நிற்பதால். நிறையச் சார்ஜோடு வெயிலில் நிற்பது இரண்டாவது வகை முதுமையை வேகமாக்கும். 95 விழுக்காட்டில் நிற்கும் காரை மாலையில் 60க்கு இறக்கி, விடியற்காலை மறுபடி ஏற்றினால், ஓட்டத்தால் கொஞ்சம் போகும், நிற்பதால் போவது குறையும். எந்தப் பக்கம் கனம் என்பது வெப்பத்தையும் வேதியியலையும் பொறுத்தது. 60 யூனிட் பேட்டரிக்கு 7 கிலோவாட் என்பது வருடல்தான். நெடுஞ்சாலையில் ஓடும்போது அது சாதாரணமாக 15 கிலோவாட் கொடுக்கிறது.

பேட்டரியைவிடக் கவலைப்படவேண்டியது சுற்றியுள்ள பாகங்களைப் பற்றி. 2.4 லட்சம் கிலோமீட்டரைச் சராசரி 30 வேகத்தில் ஓட்டினால் காரின் வாழ்நாள் ஓட்டம் 8,000 மணி நேரம். தினமும் 14 மணி நேரம் வி2ஜிக்காக விழித்திருந்தால் ஆண்டுக்கு 5,110 மணி நேரம். இரண்டு ஆண்டுகூட ஆகாது, கூலன்ட் பம்பும் டிசி மாற்றியும் காரின் ஆயுளளவு ஓடிமுடித்துவிடும். வாரண்டியில் நிறுவனங்கள் கணக்குப் பார்ப்பது இதனாலும்தான்.

காசு

ஏற்றும் விலைக்கும் இறக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் சம்பாதிக்கலாம் என்பது பொதுவான நம்பிக்கை. இந்தியாவில் 2023இல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள் நேரவாரிக் கட்டணத்துக்கு ஒரு குறைந்தபட்ச வித்தியாசம் சொல்கின்றன: வெயில் நேரத்தில் 20 விழுக்காடாவது குறைவு, உச்ச நேரத்தில் தொழில், வணிகத்துக்கு 20 விழுக்காடாவது கூடுதல், மற்றவர்களுக்கு 10. அடிப்படை விலை எட்டு ரூபாய் என்று வைத்து வீட்டுக்குக் கணக்குப் போடுங்கள். பகலில் 6.40க்கு ஏற்றினால், 81 விழுக்காடு திரும்பும் சுற்றில் கைக்கு வரும் யூனிட்டின் அடக்கம் 7.90. மாலையில் மிச்சமாவது 8.80. லாபம் 90 பைசா. பேட்டரிக்கு ஆறு லட்சம், 60 யூனிட், 2,000 சுற்று என்றால் தேய்மானம் யூனிட்டுக்கு 5 ரூபாய். 4,000 சுற்று தாங்கும் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைக்கு 2.50. நிற்பதாலும் பேட்டரி வயதாகும் என்பதால் இதில் பாதியை மட்டும் கணக்கில் எடுத்தாலும் 90 பைசா மிஞ்சாது. தமிழ்நாட்டில் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகப் பெறும் வீட்டுக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

பணம் வரக்கூடிய இடம் வேறு: தயாராக நிற்பதற்கான கூலி. கான்பெராவிலும் ஃபிரெடரிக்ஸ்பெர்க்கிலும் விற்கப்பட்டது யூனிட் அல்ல, கிலோவாட்; "கூப்பிட்டால் சில நொடிகளில் வருவேன்" என்ற உறுதி. பல நாள் ஒன்றுமே ஓடாது, ஆனால் கூலி உண்டு. தேய்மானமும் குறைவு. அப்படி ஒரு கூலியைச் சிறு வாகனங்களுக்குத் தரும் சந்தை இல்லாத ஊரில், வெறும் நேரம் பார்த்துச் சார்ஜ் ஏற்றுவதே பெரும்பலனைத் தந்துவிடும். 7 கிலோவாட் ஏற்றத்தை மாலை ஏழு மணிக்கு நிறுத்தி வைப்பதும், 7 கிலோவாட் திருப்பிக் கொடுப்பதும் கட்டமைப்பின் கண்ணுக்கு ஒன்றே. முதலாவதுக்கு இருதிசைப் பெட்டி தேவையில்லை. அதிலும் ஒரு கண்ணி உண்டு: எல்லாக் கார்களும் இரவு பத்து மணிக்கு ஒரே நொடியில் தொடங்கினால், 100 கேவிஏ தெரு டிரான்ஸ்ஃபார்மரில் பத்து கார்கள் 70 கிலோவாட்டை ஒரேயடியாகப் போடும். பிரிட்டனில் 2022 ஜூன் இறுதியிலிருந்து விற்கும் வீட்டுச் சார்ஜர்கள், தொடங்கும் நேரத்தைப் பத்து நிமிடம்வரை கண்டபடி தள்ளிப்போடவேண்டும் என்று விதியே இருக்கிறது.

எந்த வண்டி?

சொருகி நிற்கும் நேரம்தான் சரக்கு என்றால், மாலை உச்சத்தில் நிற்கும் வண்டி எது? நகரப் பேருந்து இல்லை. மாலை ஏழு மணிக்கு அது கூட்டத்தோடு சாலையில் இருக்கும். வீட்டுக் கார் ஓரளவு, ஆனால் உரிமையாளர் மறந்துவிடுவார். டாக்சி இல்லவே இல்லை. இரு சக்கர வாகனத்தில் மூன்று, நாலு யூனிட்தான், இருதிசை வசதியும் கிடையாது. பள்ளிப் பேருந்து நிற்கும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பெவர்லி நகரில் 2021 கோடையில் ஒரே ஒரு மின்பள்ளிப் பேருந்து, 50 மணி நேரத்துக்கு மேல், ஏறக்குறைய 3 மெகாவாட் மணி (3,000 யூனிட்) அளவுக்கு மின்சாரம் திருப்பிக் கொடுத்தது. மணிக்கு 60 யூனிட் வீதம். வீட்டுக் கார்கள் எட்டு, ஒன்பது சேர்ந்து செய்வது. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரப் பள்ளிகளுக்கு 2024இல் 74 மின்பேருந்துகள் இருதிசைச் சார்ஜரோடு வந்தன.

நம்மூர்ப் பள்ளி, கல்லூரிப் பேருந்துகளும் மாலை ஐந்தரைக்குத் திரும்பி, காலை ஆறரைவரை ஒரே வளாகத்தில் வரிசையாக நிற்பவை. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது ஜூனிலேயே தெரியும். வளாகத்துக்கென்று தனி டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதும் உண்டு. மின்தேவை உச்சிக்குப் போகும் மே மாதம் முழுக்க விடுமுறை. ஒரு பத்துப் பேருந்து, ஆளுக்கு 30 கிலோவாட் என்றால் 300 கிலோவாட். 200 யூனிட் பேட்டரியில் பாதியை மட்டும் தொட்டாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்கும். இதற்கு இரண்டு ஏற்பாடு முன்னதாக வேண்டும். வளாகத்தின் மீட்டர் இருதிசையில் எண்ணுவதாக இருக்கவேண்டும். விடுமுறைக்கு வண்டியை விட்டுப்போகும் ஓட்டுநர், "ஃபுல் சார்ஜ் போட்டாச்சு சார்" என்று சொல்லிப் போகக்கூடாது. நாற்பது டிகிரி வெயிலில் ஒரு மாதம் 100 விழுக்காட்டில் நிறுத்துவது பேட்டரிக்கு வி2ஜி செய்வதைவிடப் பெரிய கெடுதல். 50இல் விட்டுவிட்டு, ஒயரைச் சொருகியே வைத்துப் போகட்டும்.